அவதானக் குறைபாடு: அறிவும் ஆதரவும் தேடும் வழி

கல்லூரி ஒன்றின் விழா மலரிலே அதன் பழைய மாணாக்கர் ஈட்டிய பெருமைகளைப் பேசுதல் மரபு. பட்டம் பெற்றோர், பதவி வகித்தோர், விளையாட்டிற் புகழ் பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் பலகையிலே பொன்னெழுத்தாற் பொறிக்கப்படுகின்றன. அப்பலகையிற் பெயர் ஏறாதோரும் இக்கல்லூரியின் பிள்ளைகளே. அவருள் ஒரு சாராரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். அறிவிலே குறைவின்றியும் ‘குழப்படிக்காரன்’, ‘பராக்குப் பார்ப்பவன்’, ‘மறதிக்காரன்’ என்னும் பெயர்களைச் சுமந்து வகுப்பின் கடைசி வாங்கிலே காலங்கழித்தோர் அவர். அவருட் சிலரேனும் ஒழுக்கக் கேட்டினால் அவ்வாறு இருந்தாரல்லர். மருத்துவர் பெயரிட்டு அறிந்துள்ள ஓர் இயல்பினால் இருந்தனர்.

அவ்வியல்பை ஆங்கில எழுத்துக்களின் சுருக்கமாக ‘ஏ.டி.எச்.டி.’ என்பர். தமிழில் அவதானக் குறைபாடும் மிகையியக்கமும் என்று கூறலாம். இது புதிதாக முளைத்த நாகரிக நோயன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவராகிய ஹைன்றிக் ஹொஃப்மன் தம் மகனுக்காக எழுதிய படநூலிலே, உணவு மேசையில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத சிறுவன் ஒருவனைக் காட்டினார். 1902 இல் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகளில், அறிவாற்றல் நன்கு அமைந்தும் தம்மை அடக்கியாள இயலாத பிள்ளைகளைப் பற்றி விளக்கினார். 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அவதானக் குறைபாட்டை முதன்மைப்படுத்தி இதற்குப் பெயரிட்டது. இன்றைய பெயர் 1987 இல் அமைந்தது.

இதன் அடையாளங்கள் இரு வகைப்படும். முதலாவது வகை கவனம் பற்றியது: தொடங்கிய வேலையை முடியாது விடுதல், பொருள்களைத் தொலைத்தல், நேரிற் பேசும்போதும் கேளாதார் போலிருத்தல், சிறு ஓசைக்கும் மனஞ் சிதறுதல் போல்வன. இரண்டாவது வகை இயக்கமும் அவசரமும் பற்றியது: இருக்கையில் நெளிதல், ஓயாது பேசுதல், வினா முடியுமுன் விடை கூறுதல், தன் முறைக்குக் காத்திராமை போல்வன. 2013 இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாடு ஒவ்வொரு வகையிலும் ஒன்பது அடையாளங்களை வகுத்துள்ளது. ஏதேனும் ஒரு வகையில் ஆறேனும் 6 மாதத்திற்குக் குறையாமல் நீடித்தல் வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு ஐந்து போதும். அவற்றுட் சில 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தலும், வீடு பள்ளி போன்ற ஈரிடங்களிலேனும் காணப்படுதலும், வாழ்க்கைக்குத் தடையாதலும் இன்றியமையாதன. உலகெங்கும் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐவர் அளவில் இவ்வியல்புடையோர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். எனவே நாற்பது பேர் அமர்ந்த வகுப்பொன்றில் இருவரை ஆசிரியர் எதிர்பார்க்கலாம்.

காரணம் யாது எனப் பெற்றோர் வினவுவர். தாயின் வளர்ப்புமன்று, சீனியுமன்று, கோளுமன்று. இரட்டையரை ஆராய்ந்தோர், இவ்வியல்பு அமைவதிற் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேலென்று கண்டுள்ளனர். ஆதலால் மகனுக்கு மருத்துவர் கூறும் அடையாளங்களைக் கேட்டிருக்கும் தந்தை, தம் இளமையே எடுத்துரைக்கப்படுவதாக உணர்தல் வியப்பன்று. வளர்ந்தோருள்ளும் நூற்றுக்கு இருவர் மூவர் இவ்வியல்புடையோராவர். அவரிடம் ஓட்டமும் துள்ளலும் தணிந்திருக்கும். தவணை தப்பிய கட்டணமும், முடியாத கோப்பும், மறந்த வாக்குறுதியும் எஞ்சியிருக்கும். பெண்பிள்ளைகளிடத்தோ துள்ளலின்றிக் கவனக்குறைவு மாத்திரமே காணப்படுதல் உண்டு. அமைதியாக இருந்து கனவு காணும் பிள்ளையை ஒருவரும் முறையிடார். ஆகையால் அவள் பல்லாண்டு காணப்படாமலே போய்விடுகின்றாள்.

எனினும் துடியாட்டமுள்ள பிள்ளையெல்லாம் இக்குறைபாடுடைய பிள்ளையன்று. காது மந்தமும் கண் மங்கலும், உறக்கக் குறைவும், வாசிப்பதில் உள்ள தனிப்பட்ட இடர்ப்பாடும், வீட்டிற் சண்டையும் துயரமும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். போரினால் இடம்பெயர்ந்து கொழும்பிலே குடியேறிய குடும்பங்கள் எம்மவருட் பல. அச்சத்தையும் இழப்பையும் கண்ட மனமும் பாடத்தில் நிலைகொள்ளாது. குருதிச் சோதனையோ மூளைப் படமோ இக்குறைபாட்டை உறுதிசெய்வதில்லை. பிள்ளையின் வரலாற்றை வீட்டாரிடமும் பள்ளியாரிடமும் விரிவாகக் கேட்டே மருத்துவர் முடிவு செய்வர். ஆதலின் அயலவரும் ஆசிரியரும் தாமே பெயர் சூட்டிவிடுதல் தகாது. ஆசிரியர் கடன் கண்டதைச் சொல்லுதல். துணிபு கூறுதல் மருத்துவர் கடன்.

இனி, எங்கே செல்வது என்பது வினா. கொழும்பில் வாழ்வோர்க்கு முதல் வாயில் பொறளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. 1895 இல் நிறுவப்பட்ட அவ்வரச வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு உண்டு, சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வளர்ந்தோர், கொட்டாஞ்சேனைப் பக்கத்தாராயின் கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவையும், வெள்ளவத்தைப் பக்கத்தாராயின் களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவையும் நாடலாம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலே ஆலோசனை வழங்குகின்றது. அழைப்போர் தமிழிற் பேச விரும்புவதை முதலிலேயே கூறுக. அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் எள்ளி நகைக்கும் வழக்கம் எம்மவரிடம் இன்னும் உண்டு. அந்நகைப்புக்கு அஞ்சி எத்தனை பிள்ளைகளின் பள்ளிப்பருவம் வீணாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வைத்தியசாலைக்கு வெறுங்கையுடன் செல்லலாகாது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, சில ஆண்டுகளின் தேர்ச்சி அறிக்கைகள், எழுத்துக் கொப்பிகள் இரண்டொன்று, வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு செல்லுக. ஆசிரியர் குறிப்பிலே ‘கெட்ட பிள்ளை’ என்றோ ‘சோம்பேறி’ என்றோ எழுதுதல் பயன்தராது. ‘நாற்பது நிமிடப் பாடத்தில் ஆறு முறை எழுந்தான்; வாய்மொழியாக விடை கூறுவான்; எழுதும்போது பாதியில் விடுவான்’ என்று எழுதினால் மருத்துவருக்கு அது விளக்காகும். வளர்ந்தோர் தம் இளமையை அறிந்த தாயையோ தமக்கையையோ உடனழைத்துச் செல்வது நன்று. மருத்துவரோடு பேச மொழி தடையாகுமென அஞ்சுவோர் சிங்களமோ ஆங்கிலமோ நன்கு அறிந்த உறவினரைக் கூட்டிச் செல்லுக. ஆயின் பிள்ளையையே மொழிபெயர்க்கச் செய்தல் ஆகாது. தன் குறையைத் தன் வாயாற் பெயர்த்துரைக்கும் நிலையைச் சிறு பிள்ளைக்கு உண்டாக்குதல் கொடுமை.

சிகிச்சை இரு கால்களில் நடப்பது. ஒன்று பயிற்சி; மற்றொன்று மருந்து. ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு முதலிற் கொடுக்கப்படுவது மருந்தன்று. பெற்றோர்க்கு அளிக்கும் பயிற்சியே. மூத்த பிள்ளைக்கு மெதைல்பெனிடேற் என்னும் மருந்து உலகெங்கும் வழங்கப்படுகின்றது. அது 1944 இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. ஆதலின் அதன் நன்மை தீமைகள் நீண்டகாலம் ஆராயப்பட்டவை. பசி குறைதலும் உறக்கம் கெடுதலும் அதனால் நேரக்கூடும். அதனாலேயே நிறை, உயரம், குருதியமுக்கம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் இடையிடையே அளந்து பார்ப்பர். மருத்துவரின் சீட்டின்றி அதனை வாங்குதலும், பரீட்சைக் காலத்தில் மற்றொருவர்க்குக் கொடுத்தலும் சட்டத்துக்கும் உடல்நலத்துக்கும் மாறானவை. மருந்து குறைபாட்டை வேரோடு களைவதில்லை. கண்ணாடி அணிந்தவன் எழுத்தைக் காண்பது போல, மருந்து உட்கொண்ட பிள்ளை பாடத்தைக் கேட்கும் நிலையை அடைகின்றான். கற்பித்தல் அதன் பின்னரும் எம் கடமையே.

வகுப்பிலே செய்யத்தக்கவை எளியன. பிள்ளையை முன்வரிசையில், யன்னலுக்கும் வாயிலுக்கும் அப்பால் இருத்துக. ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே இடுக. நீண்ட கட்டுரையை மூன்று பகுதியாக்கி ஒவ்வொன்றையும் பார்த்துக் கையொப்பமிடுக. கரும்பலகையைத் துடைத்தல், கொப்பிகளைக் காரியாலயத்திற் சேர்த்தல் போன்ற பணிகளைக் கொடுத்து எழுந்து நடக்க இடந்தருக. நன்றாகச் செய்ததை அக்கணமே பாராட்டுக. மாதமுடிவிற் கூறும் பாராட்டு இப்பிள்ளைக்கு எட்டாது. வீட்டிலும் இவ்வாறே. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலே ஓடியாட முற்றமில்லை; மாலையிற் கடற்கரையிலோ மைதானத்திலோ ஒரு மணிநேரம் ஓடவிட்ட பின்னர்ப் புத்தகத்தை விரித்தல் நன்று. பள்ளி முடிந்ததும் தனியார் வகுப்பு, அதன் பின் மற்றொரு தனியார் வகுப்பு எனப் பிள்ளையைத் துரத்துதல் களைத்த குதிரையைச் சாட்டையால் அடித்தலை ஒக்கும்.

சாட்டை என்றதனால் பிரம்பைப் பற்றியும் ஒரு சொல். பாடசாலையில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் விலக்கியுள்ளன. மாணவன் ஒருவன் அடிக்கப்பட்ட வழக்கிலே 2021 இல் உச்ச நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமை மீறலெனத் தீர்த்தது. சட்டம் ஒருபுறமிருக்க, பயனும் இல்லை. கவனத்தை நிலைநிறுத்தும் ஆற்றல் குறைந்தவனை அடித்தல் அவ்வாற்றலைத் தருவதில்லை. தான் தீயவன் என்ற எண்ணத்தையே தருகின்றது. அவ்வெண்ணம் குறைபாட்டினும் நெடுங்காலம் நிற்கும்.

தகவல் தேடுவோர் இக்காலத்திற் கைத்தொலைபேசியிலேயே ஆயிரம் காண்கின்றனர். அவற்றைச் சலித்தெடுக்க நான்கு வினாக்கள் போதும். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? முற்றாகக் குணமாக்குவதாக வாக்களிக்கின்றாரா? முடிவில் ஏதேனும் விற்கின்றாரா? பின்னிரண்டிற்கும் ‘ஆம்’ என விடை வருமாயின் விலகிச் செல்லுக. மருத்துவராகத் தம்மைக் கூறுவோர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ளாரா என்பதைப் பார்த்தறியலாம். கோயிலிற் செய்யும் அருச்சனை தாயின் மனத்துக்கு ஆறுதலாயின் அதனைச் செய்க. அதனைக் காரணமாக்கி மருத்துவரிடஞ் செல்வதைத் தள்ளிப்போடாதிருக்க. ‘வளர்ந்தாற் சரிவரும்’ என்னும் முதியோர் வாக்கு எல்லார்க்கும் பலிப்பதில்லை. காத்திருக்கும் காலத்திலே ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் கடந்துவிடுகின்றன.

தமிழிலே நம்பத்தக்க நூலும் துண்டுப்பிரசுரமும் அரிதாக இருத்தலே இன்று எம்மவர்க்குள்ள பெருங்குறை. இதனைத் தீர்க்க வல்லோர் எம் பழைய மாணாக்கரிடையே உளர். மருத்துவராயினோர் எளிய தமிழிற் சிறு கைந்நூலொன்றை எழுதுக. அச்சகம் உடையோர் அதனை அச்சிடுக. 1942 இல் தோன்றி வெள்ளவத்தையில் விளங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களிலே பெற்றோர்க்கான விரிவுரைகளை ஒழுங்கு செய்க. கொட்டாஞ்சேனையாரும் வந்து கேட்கத்தக்க நாளாக ஞாயிற்றுக்கிழமையைத் தெரிக. இக்குறைபாட்டோடு வாழ்ந்து தொழிலில் நிலைபெற்றோர் கூச்சமின்றித் தம் வழிமுறைகளை இளையோர்க்குக் கூறுக. மாதம் ஒருமுறை பத்துப் பெற்றோர் கூடிப் பேசினும் அது பெருந்துணையாகும். தன் வீட்டில் மாத்திரமே இத்துன்பம் என்றிருந்த தாய், அவ்வாறன்று என்று அறிதலே பாதிச் சுமையை இறக்கும்.

கட்டடம் எழுப்புதற்கு நன்கொடை கேட்கும் காலம் விழாக்காலம். அக்கட்டடத்தின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்காக அறிவையும் பொழுதையும் நன்கொடையாகக் கேட்கின்றோம். அன்பர்கள் அளிப்பாராக.