மாநகர வெள்ளமும் இளந்தலைமுறையின் பணியும்

வெள்ளம் என்றதும் கரைபுரண்டோடும் பேராறுகளே எம் நினைவுக்கு வரும். ஆனால் ரொறன்ரோ போன்ற மாநகரங்களில் ஆறு இல்லாத தெருவிலும் வெள்ளம் புகுகின்றது. அது முதலிற் சென்றடைவது, 'பேஸ்மன்ட்' என நாம் வழங்கும் நிலக்கீழ்த் தளத்தையே. இந்நாட்டுக்குப் புதிதாய் வரும் எம்மவர் குடும்பங்கள் பல வாழ்வைத் தொடங்குவதும் அங்கேதான். ஊரிலிருந்து பேணிக் கொண்டுவந்த நிழற்படங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே நகர வெள்ளம் ஏன் உண்டாகின்றது, அதனைத் தணிக்க இளம் பொறியியலாளர்கள் என்ன செய்கின்றனர் என்பவற்றை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர், அதாவது பத்துத் தொன் நீர் வந்துவிழும். இது வெறுங் கற்பனையன்று. 2013 யூலை 8 ஆம் நாள் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அன்று வெள்ளத்திற் சிக்கிய 'கோ' புகையிரதத்தின் பயணிகள் படகுகளில் மீட்கப்பட்டனர். 2024 யூலை 16 இல் அதே இடத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பெய்தது. டொன் வலி பெருந்தெரு நீரில் மூழ்கியது.

அஜின்கோர்ட் ஒரு காலத்தில் வயல்வெளி சூழ்ந்த சிற்றூர். அன்று மண் மழைநீரை உறிஞ்சிற்று. இன்று கூரையும் தாரும் சீமெந்தும் நிலத்தை மூடியுள்ளன. நீர் ஊற வழியின்றிக் குழாய்களினூடே விரைந்து, ஹைலண்ட் கிறீக் ஆற்றையும் பின்னர் ஒன்ராறியோ ஏரியையும் அடைகின்றது. தெருவின்கீழ்க் கழிவுநீருக்கு ஒரு குழாயும் மழைநீருக்கு இன்னொரு குழாயும் உள்ளன. நகரின் பழைய பகுதிகள் சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே குழாய்தான். பழைய வீடுகள் பலவற்றில் அத்திவாரத்தைச் சுற்றிய நீரும் கழிவுநீர்க் குழாயிற் சேரும். கடுமழையில் அக்குழாய் நிறைந்தால், கழிவுநீர் வந்த வழியே திரும்பி நிலக்கீழ்த் தளத்தில் மேலெழுகின்றது.

இந்நகரம் துன்பத்தினாற் பாடம் கற்றது. 1954 ஒக்ரோபர் 15 ஆம் நாள் வீசிய ஹேசல் சூறாவளியால் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தனர். அவர்களுள் 35 பேர் ஹம்பர் ஆற்றங்கரையிலிருந்த றேமோர் டிரைவ் என்னும் ஒரே தெருவினர். அதன் பயனாக 1957 இல் ரொறன்ரோப் பிரதேச இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றிற்று. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுதல் தடுக்கப்பட்டது. நாம் இன்று உலாவும் பூங்காக்கள் பல அவ்வாறு காக்கப்பட்ட நிலங்களே.

2003 இல் மாநகரசபை மழைநீருக்கென நீண்டகாலத் திட்டம் ஒன்றை ஏற்றது. மழைநீரை விழுந்த இடத்திலேயே முதலில் தாங்குதல், பின்னர் செல்லும் வழியில் தாமதப்படுத்துதல், எஞ்சியதை இறுதியில் தேக்கிவைத்தல் என்பதே அதன் முறை. பீலிக்குழாயைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து துண்டித்துப் புற்றரையில் விடுதல், மழைநீர்த் தோட்டம், நீர் ஊறும் தளக்கற்கள் என்பன முதலாம் வகையின. 1990களில் எட்டோபிக்கோவிற் பரீட்சிக்கப்பட்ட, தெருவின்கீழ்த் துளைக்குழாய் பதித்து நீரை மண்ணில் ஊறவிடும் முறை இரண்டாம் வகையினது. மழைநீர்க் குளங்கள் மூன்றாம் வகையின.

பல்கலைக்கழகத்தை விட்டு இத்துறைக்குள் நுழையும் இளையோர் கணினி முன் மாத்திரம் அமர்ந்திருப்பதில்லை. நிலத்திற் குழி தோண்டி, நீரூற்றி, அது எத்தனை மணிநேரத்தில் வற்றுகின்றது என அளக்கின்றனர். குழாய்களுக்குள் ஒளிப்படக் கருவியைச் செலுத்தி வெடிப்புகளைத் தேடுகின்றனர். வரைபடத்தில் எளிதாகத் தோன்றுவது தெருவில் எளிதன்று. களிமண் நீரை மெல்லவே ஏற்கும். மாரியில் இடும் மணல் தளக்கற்களின் இடைவெளியை அடைக்கும். அங்கு இடும் உப்பு நிலத்தடி நீரைக் கெடுக்கும். எல்லாவற்றிலும் கடினமானது, வீட்டாரை இணங்கச் செய்வது. தன் பீலிக்குழாயை ஏன் வெட்டுகிறார்கள் என வினவும் மூதாட்டிக்கு அவரது மொழியில் விளக்கவல்ல பொறியியலாளர் இந்நகரத்துக்கு வேண்டும். தமிழ் கற்கும் மாணவரே, அவ்விடத்தில் நீங்கள் இருக்கலாம்.

இவ்வறிவு எமக்குப் புதிதன்று. வன்னியில் நான் கற்பித்த நாள்களில், 'குளம் வான் பாயுது' என்ற செய்தி வந்தால் வகுப்பில் ஒருவரும் பாடத்திற் கவனங் கொள்ளார். மேற்குளத்தின் வான் வழிந்த நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். துள்ளி வந்த வெள்ளம் படிப்படியாய் அடங்கும். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் மழை சுண்ணக்கல்லில் ஊறியே கிணற்று நீராயிற்று; குளமும் கேணியும் அதற்குத் துணைநின்றன. குளத்தைத் தூர்த்து மேடாக்கிய இடங்களில் மாரியில் வெள்ளமும் கோடையில் நீர்க்குறையும் சேர்ந்தே வந்தன.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. கழிவுநீர் திரும்பாது தடுக்கும் வால்வும், அத்திவார நீரை இறைக்கும் பம்பியும் பொருத்தும் வீட்டு உரிமையாளருக்கு மாநகரசபை உதவித்தொகை வழங்குகின்றது. வாடகைக்கு இருப்போர் இதனை உரிமையாளரிடம் எடுத்துக்கூறலாம். முக்கிய ஆவணங்களை நிலத்தில் வையாது உயரத்தில் வையுங்கள்.

மாணவருக்கு ஒரு பயிற்சி: அடுத்த மழையின்போது யன்னலருகே நின்று, உங்கள் கூரைநீர் எங்கே செல்கின்றது என நோக்குங்கள். ஆற்றருகே செல்லவேண்டாம். புற்றரைக்கா, தெருவுக்கா, குழாய்க்கா என்பதை ஒரு தாளில் வரைந்து, அளவும் கணக்கிட்டு, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இளம் பொறியியலாளரின் வேலையும் இப்படித்தான் தொடங்குகின்றது.