பல்கலைக்கழக அனுமதி: விண்ணப்பத்தில் தவறிப்போகும் வாய்ப்புகள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் பாடசாலைகள் தோறும் மகிழ்ச்சி ஆரவாரம் எழுவதும், சாதனை படைத்த மாணவர்களின் படங்கள் பத்திரிகைகளை அலங்கரிப்பதும் வழக்கமானதே. ஆனால் அந்த ஆரவாரம் அடங்கிய பின்னர் வருகின்ற சில வாரங்களே ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை நமது பெற்றோர்களுள் பலர் உணர்வதில்லை. பதின்மூன்று ஆண்டுகாலப் பாடசாலைக் கல்வியின் பயன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்படும் ஒரேயொரு விண்ணப்பத்தில் தங்கியிருக்கின்றது. அந்த விண்ணப்பத்தை அவசரத்திலும் அறியாமையிலும் நிரப்பிவிட்டு, பின்னர் விதியை நொந்து கொள்வதில் பயனில்லை.

அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பரீட்சார்த்திகள் பல்கலைக்கழகம் செல்வதற்குரிய அடிப்படைத் தகைமையைப் பெறுகின்றனர். ஆனால் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே. ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, பொது வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளிகளைப் பெறுவது விண்ணப்பிப்பதற்கான தகுதி மாத்திரமே. அது அனுமதிக்கான உத்தரவாதமன்று. இந்த வேறுபாட்டைப் புரிந்து கொள்ளாமையே பல குடும்பங்களின் ஏமாற்றத்துக்குக் காரணமாகின்றது.

அனுமதியைத் தீர்மானிப்பது இசெட் புள்ளியாகும். 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வரும் இம்முறையில், மாணவன் ஒரு பாடத்தில் பெற்ற மூலப்புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியுடன் ஒப்பிடப்பட்டு, புள்ளிகளின் பரம்பலுக்கு ஏற்பக் கணிக்கப்படுகின்றது. மூன்று பாடங்களினதும் இசெட் புள்ளிகளின் சராசரியே இறுதிப் புள்ளியாகும். கடினமான பாடத்தைக் கற்றவரும் இலகுவான பாடத்தைக் கற்றவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம். மூன்று ‘ஏ’ சித்தி பெற்ற இருவருள் ஒருவருக்கு மருத்துவ பீடம் கிடைக்க, மற்றவருக்குக் கிடைக்காமல் போவதன் காரணமும் இதுவே. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றியவர்களை ஒன்றாகக் கருதி இசெட் புள்ளி கணிக்கப்பட்டதால் எழுந்த குழப்பம் உயர் நீதிமன்றம் வரை சென்றதும், 2012இல் நீதிமன்றம் அக்கணிப்பை ரத்துச் செய்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். தசமத்துக்குப் பின்னாலுள்ள ஓர் இலக்கமும் ஓர் இளைஞனின் வாழ்வைத் திசைதிருப்பக் கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு அடுத்ததாக மாவட்ட ஒதுக்கீட்டைக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் வரையான இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதாசாரப்படி பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் வரையிலானவை கல்வியில் பின்தங்கியவையாக அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியவை. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும், கிழக்கின் மூன்று மாவட்டங்களும், நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, புத்தளம் போன்றனவும் இப்பட்டியலில் அடங்குகின்றன.

எழுபதுகளின் முற்பகுதியில் கொண்டு வரப்பட்ட தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் இளைஞர்களிடையே எத்தகைய கசப்பை விதைத்தன என்பதை வரலாறு அறியும். அன்று ஒதுக்கீட்டினால் பாதிக்கப்பட்டதாகக் குரலெழுப்பிய யாழ்ப்பாணம், இன்று பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது காலத்தின் கோலமன்றி வேறில்லை. முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களின் பிள்ளைகள் மருத்துவ, பொறியியல் பீடங்களில் காலடி எடுத்து வைப்பதற்கு இந்த ஏற்பாடு உதவுகின்றது என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

எனினும் மாவட்டத்தை ஓர் அலகாகக் கொள்வதால் அதற்குள் இருக்கின்ற ஏற்றத்தாழ்வு மறைக்கப்பட்டு விடுகின்றது. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரின்றிப் படித்த மாணவியும், அதே மாவட்டத்தின் நகரப் பாடசாலையில் சகல வசதிகளுடனும் படித்த மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளிக்காகவே போட்டியிட வேண்டியுள்ளது. கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அந்த 5 சதவீதத்திலும் பங்கில்லை. மறுபுறத்தில், வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளிமாவட்ட மாணவர்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வந்து பரீட்சை எழுதுவதாக மலையகத்தில் தொடர்ந்து முறைப்பாடு எழுகின்றது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகாலப் பாடசாலைக் கல்வியைக் கருத்திற் கொண்டு மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி இருப்பது இதனைத் தடுப்பதற்காகவே. அந்த விதி முறையாகக் கண்காணிக்கப்பட வேண்டும்.

அதே விதி, இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழ்கின்ற குடும்பங்களுக்குச் சிக்கலாக அமையக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுள் புத்தளத்தில் சில ஆண்டுகளும் மன்னாரில் சில ஆண்டுகளும் கல்வி கற்க நேர்ந்தவர்கள், தமது மாவட்டம் எதுவென்பதை விண்ணப்பிப்பதற்கு முன்னரே கைந்நூலைப் பார்த்து உறுதி செய்து கொள்ள வேண்டும். பாடசாலை அதிபரின் அத்தாட்சியும் வதிவிடச் சான்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருத்தல் அவசியமாகும்.

விண்ணப்பத்தில் நேரும் தவறுகளுள் மிகப் பெரியது விருப்பத்தெரிவு வரிசையிலேயே நிகழ்கின்றது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. மாணவன் தான் விரும்பும் குறியீடுகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்த வேண்டும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து, “இது நமக்குக் கிடைக்காது” என்று அஞ்சி, உண்மையில் விரும்பிய பாடநெறியைக் கீழே தள்ளுவோர் பலர். இந்த அச்சம் தேவையற்றது. மேலே எழுதிய பாடநெறி கிடைக்காவிடின், அதனால் கீழேயுள்ளதைப் பெறும் வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. மாறாக, விரும்பாத ஒன்றை மேலே எழுதி, அதற்குரிய புள்ளியும் இருந்துவிட்டால், அதுவே வழங்கப்படும். விரும்பியது கைநழுவிப் போகும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டியே தவிர, இவ்வாண்டுக்கான தீர்ப்பன்று.

இன்னுஞ் சிலர் இரண்டு மூன்று பாடநெறிகளை மாத்திரம் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திக் கொள்கின்றனர். எழுதாத பாடநெறி எவருக்கும் வழங்கப்படுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியிலுள்ள பொறியியல், விவசாய பீடங்கள், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியா, சித்த, யுனானி மருத்துவக் கற்கைகள் எனத் தெரிவுகள் முன்னரிலும் பெருகியுள்ளன. கட்டடக்கலை, மொழிபெயர்ப்பு, நுண்கலை போன்ற துறைகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ நடத்தப்படுகின்றது. அவற்றுக்குரிய விளம்பரத்தைக் கவனித்துத் தனியே விண்ணப்பிக்காதவர், எவ்வளவு உயர்ந்த இசெட் புள்ளி பெற்றிருந்தாலும் அத்துறைக்குள் நுழைய முடியாது.

விண்ணப்பம் இணையவழிக்கு மாறியதன் பின்னர், கணினி வசதியற்ற பிள்ளைகள் கடைத்தெருவிலுள்ள தொடர்பாடல் நிலையங்களை நாடுகின்றனர். அங்கு அமர்ந்திருப்பவர் தட்டச்சு செய்வாரேயன்றி, பிள்ளையின் விருப்பத்தையோ ஆற்றலையோ அறியமாட்டார். பிழையாகப் பதியப்பட்ட ஒரு குறியீடோ அடையாள அட்டை இலக்கமோ பின்னர் எத்தனை அலைச்சலைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கைந்நூலை வீட்டில் வைத்துப் படித்து, வரிசையைத் தாளில் எழுதி, ஆசிரியர் ஒருவரிடம் காட்டிய பின்னரே கணினியின் முன் அமர வேண்டும். சமர்ப்பித்த விண்ணப்பத்தின் பிரதியொன்றைப் பத்திரப்படுத்துவதும், கடவுச்சொல்லைப் பிறரிடம் விட்டுவராதிருப்பதும் முக்கியம்.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. தூரப் பிரதேசம் என்ற ஒரே காரணத்துக்காக மகளின் விருப்பத்தெரிவுகளைத் தந்தையே வெட்டிவிடுவது தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் நடைபெறுகின்றது. பெற்றோரின் கவலை நியாயமற்றதென்று நாம் கூற மாட்டோம். ஆனால் விடுதி வசதி, சிரேஷ்ட மாணவிகளின் அனுபவம் ஆகியவற்றை விசாரித்தறியாமல் எடுக்கப்படும் முடிவு, அவள் உழைத்துப் பெற்ற உரிமையை வீட்டுக்குள்ளேயே பறிப்பதாகும். வறுமையை எண்ணித் தயங்குவோர், அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பதையும், மகாபொல புலமைப்பரிசிலும் உதவிப்பணமும் உண்டு என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

அதிபர்களும், பழைய மாணவர் சங்கங்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும் பெறுபேறு வெளியான மறுவாரமே வழிகாட்டல் அமர்வொன்றை ஒழுங்கு செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பயிலும் ஊர்ப்பிள்ளைகள் நால்வர் ஒரு நாளை ஒதுக்கினாலே போதும். பாராட்டு விழாவுக்கு மாலை வாங்கும் பணத்தில் இதனைச் செய்து முடிக்கலாம். புள்ளி போதாமையால் ஒரு பிள்ளை இடத்தை இழப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். போதிய புள்ளியிருந்தும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமையால் இழப்பதை நாம் இனியும் அனுமதிக்கலாகாது.