உங்களுக்குத் தெரியுமா? நான்கு எழுத்து, உச்சரிப்பு எது?

எபிரேய வேதாகமத்தில் கடவுளின் பெயர் யோத், ஹே, வாவ், ஹே என நான்கே எழுத்து. உயிரொலிக் குறி கிடையாது. பெயரைச் சொல்ல அஞ்சிய யூதர்கள் அந்த இடம் வந்தால் 'அதோனாய்' (ஆண்டவர்) என்றே வாசித்தார்கள். சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த சங்கீதச் சுருள் ஒன்றில் அந்த நான்கெழுத்து மட்டும் பழைய எபிரேய வடிவில் தனித்துத் தெரிகிறது. பிற்காலத்தில் மசோரெத்து எனப்படும் யூத அறிஞர்கள் உயிர்க்குறி இட்டபோது, 'அதோனாய்' என வாசிக்க நினைவூட்டும் குறிகளையே அதில் சேர்த்தனர். ஐரோப்பியர் நான்கெழுத்தையும் அந்தக் குறிகளையும் கூட்டி வாசிக்க, பிறந்தது 'யெகோவா'! மூல உச்சரிப்பு 'யாவே' என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கட்சி. சமாரியர் 'யாபே' என்பார்கள் என்று 5ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆயர் தியோதொரேத்து கிரேக்கத்தில் எழுதியது இந்தக் கட்சிக்குப் பலமான சாட்சி. 'அல்லேலூயா'வின் கடைசி 'யா'வும் இந்தப் பெயரின் சுருக்கந்தான். ஆனாலும் 2008இல் வத்திக்கான், வழிபாட்டில் 'யாவே' என்று சொல்ல வேண்டாம் என அறிவுறுத்திவிட்டது.