லைவ் லினக்ஸும் காணாத நூலகங்களும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர் இயற்கையின் சீற்றத்தை ஏட்டிற் படித்து அறிந்தவர் அல்லர். 1978 நவம்பர் 23 இற் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையும், 2011 சனவரியிற் பெருவெள்ளமும் இப்பகுதியை அலைத்தன. ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து வைப்பதற்கென இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்னுங் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். அது 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இற் பிலிப்பீன்ஸ் நாட்டு மண்சரிவின்போதும் பயன்பட்டது. அத்தகைய மென்பொருள் தனித்து நின்று இயங்குவதன்று. அப்பாச்சி, பீஎச்பீ, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றின்மேல் அது நிற்க, அவை தாமும் வேறு பல நூலகங்களின்மேல் நிற்பன. அவற்றுள் இன்றியமையாத ஒன்று இல்லையாயின், முகாமிற் கொண்டுசென்று வைத்த கணினி ஒருவர் பெயரைத்தானும் பதியாது. இத்தகைய வேளைகளிற் கைகொடுப்பது லைவ் லினக்ஸ். அதில் மென்பொருள் நிறுவுவோரை மிகுதியும் இடர்ப்படுத்துவதாகிய நூலகப் பிழையைப் பற்றி ஈண்டு ஆராய்வோம்.

'லைப்ரரி' என்பதை நூலகம் எனப் பெயர்த்தமை சிறிது மயக்கந் தருவதே. அங்குப் படித்தற்குரிய நூல்கள் இல்லை. பல மென்பொருள்களுக்கும் பொதுவாகப் பயன்படும் கட்டளைத் தொகுதிகளே உள்ளன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவர் இன்றிருப்பின் இச்சொல்லை ஏற்றிருப்பாரோ என்பது ஐயமே. எனினும் சொல் வேரூன்றிவிட்டமையின் நாமும் அதனையே ஆளுவோம். ஏனைய கட்டளைப் பெயர்களைத் தமிழொலியில் எழுதியுள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளாலேயே தட்டெழுதல் வேண்டும்.

ஓரூரிற் பல கூத்துகள் பழகப்படினும், ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு மத்தளம் வேண்டுவதில்லை. ஒரே மத்தளமும் ஒரே அண்ணாவியாரும் பலவற்றிற்கும் போதும். பகிர்நூலகமும் அவ்வாறானதே. எழுத்துருவைத் திரையிற் காட்டல், தரவைச் சுருக்கல், மறைமொழியாக்கல் முதலிய பணிகளை ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்யாது பொதுவான கோப்பொன்றை அழைத்துச் செய்வித்துக்கொள்ளும். இதனால் இடமும் நினைவகமும் மிஞ்சுகின்றன. ஆனால் வடமோடித் தாளக்கட்டிற்கு ஆடப் பழகியவனைத் தென்மோடித் தாளத்திற்கு ஆடுக என்றால் அவன் கால் தடுமாறும். மத்தளம் ஒன்றே, தாளம் வேறு. நூலகத்தின் பெயர்க்கடையில் வரும் எண் இவ்வேற்றுமையையே குறிக்கின்றது. 'லிப்எஸ்எஸ்எல்' என்னும் நூலகம் 1.1 என்னும் எண்ணோடு வருவதும், 3 என்னும் எண்ணோடு வருவதும் இருவேறு உடன்படிக்கைகளாகும். 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04 பின்னதையே கொண்டது. முன்னதை நம்பிக் கட்டப்பட்ட பழைய மென்பொருள் அதில் இயங்க மறுக்கும்.

இனி லைவ் லினக்ஸின் இயல்பைக் காண்போம். வன்தட்டில் எதனையும் நிறுவாமல், குறுவட்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேரே இயங்கும் முறை இது. ஜெர்மனியரான கிளவுஸ் நொப்பர் 2000 இல் வெளியிட்ட நொப்பிக்ஸ் இம்முறையைப் பரவச் செய்தது. வன்தட்டுப் பழுதுற்ற கணினியையும் இதனால் எழுப்பலாம். இதில் முறைமை முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக, எழுதவியலாத நிலையில் உள்ளது. நாம் புதிதாக நிறுவுவன யாவும் அதன்மேல் விரித்த மெல்லிய படலம்போல நினைவகத்திலேயே தங்கும். கணினியை நிறுத்தியதும் படலம் மறையும். நேற்று நிறுவிய நூலகத்தை இன்று காணோம் என்று முறையிடுவோரிற் பலர் இதனை அறியாதவரே. மேலும் அப்படலத்திற்குப் பெரும்பாலும் நினைவகத்திற் பாதியளவே ஒதுக்கப்படுகின்றது. பழைய கணினியில் அது விரைவில் நிரம்ப, பொதி பாதி விரிந்த நிலையில் நின்றுவிடும். நூலகமும் பாதியிற் கெடும். ஆகவே பிழையைக் கண்டவுடன் எஞ்சிய இடத்தை 'டிஎப்' கட்டளையாற் பார்த்துக்கொள்வது நன்று.

பிழைச்செய்தி பெரும்பாலும் தெளிவானதே. பகிர்நூலகத்தைத் திறக்கமுடியவில்லை என்று கூறி, அந்நூலகத்தின் பெயரையும் எண்ணையும் அது தருகின்றது. மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டை ஒத்தது அப்பெயர். அதனை எழுத்துப் பிசகாது குறித்துக்கொள்ளாமல் முழு முறைமையையும் மீள நிறுவ விரைவது வீண் வேலை. ஒரு நூலகத்தை ஈடுசெய்ததும் மற்றொன்று இல்லையென வருமாயின், 'எல்டிடி' என்னுங் கட்டளையை மென்பொருட் கோப்பின் பெயரோடு கொடுத்தால் வேண்டிய நூலகங்களையெல்லாம் வரிசையாகக் காட்டி, இல்லாதவற்றின் எதிரே அதனைக் குறிக்கும். ஆனால் நம்பத்தகாத இடத்திற் பெற்ற கோப்பின்மேல் இதனை ஏவுதல் ஆகாது. சில வேளைகளில் அக்கோப்பே இயங்கிவிடக்கூடும். அத்தகையவற்றிற்கு 'ரீட்எல்ப்' கட்டளை ஏற்றது.

ஒரு செய்தி மட்டும் கற்றோரையும் மயக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கின்றது. இயக்கினால் 'அத்தகைய கோப்பு இல்லை' என்று கணினி சொல்லுகின்றது. இல்லாதது அக்கோப்பன்று, அதனை நினைவகத்தில் ஏற்றி நூலகங்களோடு பிணைக்கும் இணைப்பியே. 32 பிட்டுக்கெனக் கட்டிய மென்பொருளை 64 பிட் முறைமையில் இயக்கும்போது இது நிகழ்வதுண்டு. செய்தியோ இணைப்பியின் பெயரைச் சொல்லாது. 'பைல்' கட்டளை கோப்பின் கட்டமைப்பைச் சொல்லிவிடும். 64 பிட் மென்பொருள் கிடைக்குமாயின் அதனைப் பெறுதலே சிறந்தது. 32 பிட் நூலகங்களைச் சேர்த்தல் அதற்கு அடுத்த வழி.

நூலகத்தின் பெயர் தெரிந்தபின் அதனைத் தரும் பொதியைத் தேடல் வேண்டும். நூலகப் பெயரும் பொதிப் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. டெபியன் வழிவந்த முறைமைகளில் 'ஆப்ட்-பைல்' என்னுங் கருவியை நிறுவி, அதன் பட்டியலைப் புதுக்கித் தேடினால் எந்தப் பொதியில் எந்தக் கோப்பு உண்டு என்பது தெரியவரும். லைவ் முறைமையிற் பொதிப்பட்டியல் வெறுமையாகவோ பழையதாகவோ இருப்பதுண்டாதலின் 'ஆப்ட் அப்டேட்' என்பதை முதலிற் கொடுக்க மறத்தலாகாது. உபுண்டுவிலாயின் களஞ்சியத்தின் 'யூனிவர்ஸ்' என்னும் பகுதி திறந்துள்ளதா என்பதையும் பார்க்க.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆப்இமேஜ் வகை மென்பொருள். தனக்கு வேண்டியவற்றிற் பெரும்பகுதியைத் தன்னுள்ளே கொண்டுவரும் அதுவும், தன்னைத் திறப்பதற்கு 'லிப்பியூஸ்' நூலகத்தின் 2 ஆம் எண்ணை நாடுவதுண்டு. உபுண்டு 22.04 முதல் அந்நூலகம் முறைமையோடு வருவதில்லை. 'லிப்பியூஸ்2' என்னும் பொதியை நிறுவினால் இடர் தீரும். பெயரொற்றுமையால் மயங்கி 'பியூஸ்' என்னும் பொதியை நிறுவுவோர் உளர். அது பியூஸ் 3 ஐ அகற்றி மேசைத்திரையின் இன்றியமையாத பகுதிகளையும் உடன் கொண்டுபோகலாம். எவை அகற்றப்படும் என்று ஆப்ட் கேட்கும் பட்டியலைப் படியாமல் இசைவு தருதல் தகாது. 2024 இன் உபுண்டு 24.04 இல் அப்பொதிப் பெயரின் இறுதியில் 'டி64' என்பதும் சேர்ந்தது. 32 பிட் காலக்கணக்கு 2038 சனவரி 19 இல் நிரம்பிவிடும் என்பதனால் நூலகங்களை மாற்றிக் கட்டியபோது விளைந்த பெயர்மாற்றம் அது. பழைய குறிப்பிற் கண்ட பெயர் கிடைக்கவில்லையெனின் இதனை நினைக்க.

3 என்னும் எண்ணுடைய நூலகத்திற்கு 1.1 என்னும் பெயரிட்டு, குறியீட்டு இணைப்பாற் கணினியை ஏய்க்கும் வழக்கமும் உண்டு. பிழைச்செய்தி மறையும், தாளம் மாறியதால் மென்பொருள் இடையில் விழும், அன்றித் தவறான விடை தரும். பின்னதே கொடிது. நிவாரணப் பட்டியலில் நூறு குடும்பம் என்பது பத்தாகிவிடின் யார் பொறுப்பது? வேறு வெளியீட்டின் பொதியைக் கொணர்ந்து நிறுவுதலும் ஏறக்குறைய இத்தகையதே. அதிலும் அடிப்படையான சீ நூலகத்தை மாற்றினால் எக்கட்டளையும் இயங்காது போதல் கூடும். லைவ் முறைமையில் மட்டும், மறுதொடக்கம் செய்தால் யாவும் பழையபடி மீளும். அதன் மறதி இங்கே நமக்கு உதவியாகின்றது.

நூலகம் உண்டு, ஆயின் வழக்கத்திற்கு மாறான அடைவில் உண்டு என்னும் நிலையும் ஒன்று. அவ்வடைவை இணைப்பியின் அமைப்புக் கோப்பிற் குறித்து 'எல்டிகொன்பிக்' கட்டளையைக் கொடுத்தால் அது கண்டுகொள்ளும்.

இணையம் அற்ற இடத்திற்கு முன்னரே ஆயத்தஞ் செய்தல் எவ்வாறு? இணையமுள்ள கணினியொன்றிற் பொதிகளை இறக்கிக்கொண்டு போகலாம் என்று எவரும் எண்ணுவர். ஆனால் அக்கணினியில் ஏற்கெனவே உள்ள நூலகங்களை ஆப்ட் இறக்காது விட்டுவிடும். முகாமிற் போய்த் திறந்தபோதே குறை தெரியவரும். ஆகவே முகாமுக்குக் கொண்டுபோகும் அதே பென்டிரைவினாலேயே இணையமுள்ள கணினியை எழுப்புதல் வேண்டும். அப்போது அங்கு இல்லாதவை எவையோ அவையே முகாமிலும் இல்லாதவை. நிறுவுங் கட்டளையோடு 'டவுன்லோட்-ஒன்லி' என்பதைச் சேர்த்தால் வேண்டிய பொதிகளெல்லாம் ஆப்ட்டின் சேமிப்பு அடைவில் வந்து கிடக்கும். அவ்வடைவும் நினைவகப் படலத்திலேயே உள்ளதாதலின், கணினியை நிறுத்துமுன் அவற்றை வேறொரு பென்டிரைவிற் படியெடுத்துக்கொள்க. முகாமில் அவற்றை ஒருங்கே நிறுவலாம். ஒவ்வொரு முறையும் நிறுவ விரும்பாதோர், டெபியனிலாயின், 'பெர்சிஸ்டன்ஸ்' என்னும் பெயரிட்ட பகுதியொன்றைப் பென்டிரைவிலேயே அமைத்து, உரிய அமைப்புக் கோப்பை அதில் வைத்துத் தொடங்கும்போது அப்பெயரையே தொடக்க வரியிற் சேர்த்தால், நிறுவியவை அழியாது நிற்கும். மாரிக்கு முன் ஒருமுறை இணையத்தைத் துண்டித்துவிட்டு அப்பென்டிரைவால் கணினியை எழுப்பி, ஒரு பெயரைப் பதிந்து, நிறுத்தி, மீண்டும் எழுப்பி அப்பெயர் நிற்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.