ஓலைக் கூடை, ஒயர் கூடை ஆன கதை!

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. காலையில் மீன் வியாபாரம் முடிந்தால், மத்தியானம் பெண்கள் திண்ணையில் கூடி உட்கார்ந்து பனை ஓலைக் கூடை முடைவோம். முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரியில் பாடு குறைகிற நாட்களில் இந்தக் கூடைக் காசுதான் அடுப்பை எரிய வைக்கும்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் சென்னைக் கடைக்காரர் ஒருவர், "கூடைங்களைப் படம் எடுத்து, விலையும் போட்டு ஒரே பி.டி.எஃப்.பா அனுப்புங்கம்மா" என்றார். கல்லூரியில் படிக்கும் என் மகள் பவர்பாயின்ட்டில் இருபது பக்கம் அழகாகச் செய்து அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"ஏம்மா, ஓலைக் கூடைன்னு சொல்லிட்டு ஒயர் கூடைப் படத்தை அனுப்பியிருக்கீங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! திறந்து பார்த்தால், அவர் மேல் தப்பில்லை. ஓலையின் நரம்பு, முடைச்சலின் வரி எல்லாம் அழிந்து, வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரியே இருந்தது. ஆர்டர் கைநழுவிப் போயிற்று.

தாயும் மகளுமாக உட்கார்ந்து ஆராய்ந்தோம். படம் மூன்று இடத்தில் நசுங்கியிருந்தது. சகோதரிகளே, உங்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் இடம், வாட்ஸ்அப். நான் எடுத்த படத்தின் அகலம் 4000 புள்ளி. மகளுக்குச் சாதாரணமாக அனுப்பியதும் அது ஏறக்குறைய 1600 ஆகிவிட்டது. பவர்பாயின்ட் பக்கத்தின் அகலமோ 13 அங்குலத்துக்கும் மேல். பக்கம் முழுக்க அந்தப் படத்தை இழுத்தால் அங்குலத்துக்கு 120 புள்ளிதான் மிஞ்சும். அதனால் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்படியே போய்ச் சேரும்.

இரண்டாவது, பவர்பாயின்ட். சேமிக்கும்போது அதுவே படத்தைச் சுருக்கிவிடும். கம்ப்யூட்டரில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, பி.டி.எஃப். ஆக்கும்போது. அங்கே 'ஸ்டாண்டர்டு', 'மினிமம் சைஸ்' என்று இரண்டு இருக்கும். சீக்கிரம் போகுமே என்று மகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். படம் முக்கியமென்றால் 'ஸ்டாண்டர்டு'தான். லிப்ரே ஆஃபீஸ் வைத்திருப்பவர்கள், 'லாஸ்லெஸ் கம்ப்ரஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ரெட்யூஸ் இமேஜ் ரெசல்யூஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

"அந்தப் பழைய ஃபைலையே திரும்ப நல்லா சேவ் பண்ணிடலாமே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

"கருவாட்டை ஊற வச்சா பச்சை மீனாகுமாக்கா?" என்றேன். ஒருமுறை நசுங்கிய படம் நசுங்கினதுதான். போனில் இருக்கும் மூலப் படத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அதனால் அதை அழித்துவிடாதீர்கள்!

இப்படிச் செய்தால் ஃபைல் கனமாகும். ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் இணைக்க முடியும். அதற்கு மேல் போனால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பலாம். அனுப்புமுன் பி.டி.எஃப்.பைத் திறந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஓலையின் வரி தெரிகிறதா? தெரிந்தால் அனுப்புங்கள்.

புதிதாகச் செய்ததை அதே கடைக்காரருக்கு அனுப்பினோம். "இப்பதாம்மா ஓலைன்னு தெரியுது" என்று சொல்லி, பொங்கலுக்கு நாற்பது கூடை கேட்டார். விரல் நோக முடைகிறோம். அந்த உழைப்பு படத்திலும் தெரிய வேண்டாமா?