தில்லிக்கு எப்போது வரச் சொல்லலாம்?

ஊரிலிருந்து உறவினர் வருவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதானே லீவு! ஆனால் தில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும் மாதம் அது. 'லூ' என்னும் அனல்காற்று வேறு. மதுரை வெயிலைப் பார்த்தவர்தானே என்று என் தாயாரை ஒரு மே மாதம் வரவழைத்தேன். குதுப்மினார் போய்வந்த மறுநாள் மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி. அந்நாளில் தண்டவாளத்தில் பட்டாசு வைப்போம். அது வெடித்தால் சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவருக்குத் தெரியும். இன்று எஞ்சினிலேயே கருவி இருக்கிறது. ஆனாலும் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகத்தான் வருகின்றன.

பெரியவர்களைப் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் வரச் சொல்லுங்கள். காலையிலும் இரவிலும் ஒரு ஸ்வெட்டர் போதும். ராஷ்டிரபதி பவன் தோட்டமும் அப்போது திறந்திருக்கும்.

பிள்ளைகளோடு வருபவர்களுக்குக் காலாண்டு விடுமுறைதான் சரி. செப்டம்பர் கடைசியில் மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாள் எரிக்கும் புகை அக்டோபர் பிற்பாதியில்தான் இங்கே கவியும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். ஆகவே ஜூலைக் கடைசியிலேயே ஊருக்குப் போன் செய்து, திரும்பும் டிக்கெட்டையும் நினைவுபடுத்திவிடுங்கள்.