அவையோர் பதிந்த இசை

இசை தோன்றும்பொழுதே மறையும் இயல்பினது. ஓவியம் சுவரிலும், சிற்பம் கல்லிலும், செய்யுள் ஏட்டிலும் நிலைபெறும். பாட்டோ காற்றிற் பிறந்து காற்றிலேயே ஒடுங்கும். இதன் உண்மையை உணரத் தமிழ் மாணவர் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலே, கூடலூருக்கு மேலுள்ள மலைமீது, மங்கலதேவி கண்ணகி கோட்டம் நிற்கின்றது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கே சென்று வழிபடுவர். அக்கண்ணகியின் வரலாறு கூறும் சிலப்பதிகாரத்தில், அரங்கேற்று காதை ஆடலரங்கின் நீள அகலங்களையும் உயரத்தையும் அளவிட்டு உரைக்கின்றது. குழலோன், யாழோன், தண்ணுமையோன் ஆகியோரின் இலக்கணங்களை வகுத்துக் கூறுகின்றது. குன்றக்குரவையோ மலைவாழ் குறவர் பாடியாடிய பாடல்களைத் தருகின்றது. சொற்கள் யாவும் நம் கைக்கு வந்தன. மாதவியின் ஆடலுக்கு எழுந்த ஒலியில் ஒரு துளியேனும் வந்திலது. அரங்கின் அளவு தெரிந்தும் பாட்டின் ஒலி தெரியாத இக்குறையைப் பிற்காலத்தார்க்கேனும் நீக்கவல்ல கருவி, 1877-ஆம் ஆண்டில் எடிசன் போனோகிராபை இயற்றியபொழுது உலகிற்கு வாய்த்தது.

ஒலிப்பதிவு இருவகைப்படும். ஒன்று, இசைவாணரைத் தனிக்கூடத்தில் இருத்தி, பிழை நேர்ந்த இடத்தைத் திரும்பப் பாடுவித்துச் செய்வது. மற்றொன்று, அவையில் நிகழும் கச்சேரியை, அவையினருள் ஒருவரே தம் கருவியிற் பதிந்துகொள்வது. பின்னதன் இயல்பையும் பயனையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

முன்னதற்கு இயற்கையாகவே ஓர் எல்லையுண்டு. பழைய பத்து அங்குலக் கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டிற்கே இடமிருந்தது. ஓர் இராகத்தை நெடுநேரம் விரித்துப் பாடவல்ல வித்துவான் அச்சிற்றெல்லைக்குள் என் செய்வார்? 1968-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற மதுரை மணி ஐயரவர்களின் பாட்டை இன்று நாம் கேட்பது பெரும்பாலும் கச்சேரிகளிற் பதிந்த ஒலிநாடாக்களின் வாயிலாகவே. அத்தகைய நாடாக்களுட் பல, இசையன்பர்கள் கூலி கருதாது, தம் ஆர்வம் ஒன்றே தூண்டப் பதிந்து காத்தவை. கச்சேரியின் நடுவில் அவை மகிழ்ந்து ஒலித்த 'பலே' என்னும் சொல்லும் அவற்றில் உடன்பதிந்து நிற்கின்றது.

கடல்கடந்த நாட்டிலும் இதனையொத்த வரலாறு உண்டு. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் 'புரோகிரசிவ் ராக்' என்னும் இசைவகை எழுந்தது. மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பைக் கடந்து, மேனாட்டுச் செவ்விசையையும் ஜாஸ் இசையையும் மின்சாரக் கித்தாரோடு இணைத்து, ஓர் உருப்படியையே இருபது நிமிடம் வரையிலும் விரிப்பது அதன் வழக்கம். பிங்க் பிளாய்டு, கிங் கிரிம்சன், எஸ் ஆகியன அவ்வகையிற் புகழ்பெற்ற குழுக்கள். இவர்கள் மேடையில் வாசித்தது இசைத்தட்டில் உள்ளதனோடு முற்றும் ஒவ்வாது. இரவுக்கு இரவு அது மாறும். ஆகலின் அவையில் இருந்து பதிவோர்க்கு இங்கே பெரும்பணி ஏற்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். பிங்க் பிளாய்டு குழுவினரின் 'தி டார்க் சைடு ஆப் தி மூன்' என்னும் இசைத்தட்டு 1973 மார்ச்சில் வெளிவந்தது. ஆனால் 1972 ஜனவரி முதற்கொண்டே அவர்கள் அதனை மேடையில் வாசித்துவந்தனர். 1972 பிப்ரவரியில் இலண்டன் ரெயின்போ அரங்கில் நிகழ்ந்த கச்சேரியை அவையினர் ஒருவர் பதிய, அப்பதிவு குழுவினரின் இசைவின்றியே தட்டாக அச்சாகி, உரிய தட்டு வெளிவருமுன்னரே விலைபோயிற்று. வெளிவந்த தட்டில் ஒரு பெண்குரல் சொல்லின்றி உருகிப் பாடும் பகுதியொன்று உண்டு. முந்திய ஆண்டின் மேடையிலோ அவ்விடத்தில் ஆர்கன் இசையோடு விவிலிய வாசகங்கள் ஒலித்தன. நூலாசிரியன் அடித்துத் திருத்திய கையெழுத்துப்படி நூலாராய்வார்க்கு எத்துணைப் பயன்படுமோ, அத்துணைப் பயன் இப்பதிவு இசையாராய்வார்க்குத் தரும். உருப்படி முழுமைபெறுமுன் எவ்வாறிருந்தது என்பதை இது நேரே கேட்பிக்கின்றது.

1975 ஏப்ரல் 26-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அக்குழுவினர் வாசித்ததை மைக் மில்லார்டு என்னும் இரசிகர் பதிந்தார். அவர் தம் கருவிகளைச் சக்கர நாற்காலியில் மறைத்து அரங்கினுட் கொண்டுசெல்வது வழக்கம் என்பர். ஐம்பது ஆண்டுகட்குப் பின், 2025-ஆம் ஆண்டில், குழுவினரின் 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் பொன்விழாப் பதிப்பில் அப்பதிவே செப்பஞ்செய்து சேர்க்கப்பெற்றது. ஒளித்துக் கொணர்ந்த பதிவு உரியவராலேயே ஏற்கப்பெற்ற விந்தை இது.

இனி, பதியும் முறையைச் சிறிது கூறுவேன். 1963-ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை வெளியிட்டபின் இத்தொழில் எளிதாயிற்று. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடும். பின்னர்த் திருப்பிப் போடல் வேண்டும். அவ்விடைவெளியில் ஓர் ஆலாபனையின் நடுப்பகுதி போயொழிதலும் உண்டு. ஒலிபெருக்கிக்கு மிக அண்மையில் அமரின் ஒலி சிதையும். மிகத் தொலைவில் அமரின் பாட்டினும் பேச்சே மிகும். ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து பிறிதொன்று எனப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் பெருகி இசை மங்கும். ஆகவே முதற்பதிவே விலைமதிப்புடையது.

மறைத்துப் பதிதல் முறையோ எனின், அது வழக்கிற்குரிய வினாவே. கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் பிரிப், அவையினர் பதிதலைக் கடிந்தவர்; எனினும் அவர்தம் நிறுவனமே பின்னாளில் அவையோர் பதிவுகள் சிலவற்றை வெளியிட்டது. அமெரிக்கக் குழுவாகிய கிரேட்புல் டெட், 1984-ஆம் ஆண்டில் பதிவோர்க்கெனத் தனியிடமே வகுத்தளித்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், நிகழ்த்துவோர்க்குத் தம் நிகழ்ச்சியின்மீது உரிமை வழங்குகின்றது. தமக்கெனவும், மெய்யான கல்வி ஆராய்ச்சிகட்கெனவும் பதிதலை அது விலக்கவில்லை. விற்றலும் ஊரெங்கும் பரப்பலும் வேறு. பாடியவர்க்கு உணவளிப்பது அவர் பாட்டே ஆதலின், அவரை வினவிப் பதிதலே சான்றாண்மை.

தேனி நாட்டினராகிய எம்மனோர்க்கு இப்பொருள் அயலானதன்று. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தல் மேடைகளிற் பாடினார். அவர்தம் குழுவிற் பயின்ற தம்பி இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் திரையுலகிற் புகுந்தார். திரையிசை தட்டில் நிலைத்தது. மேடையில் அவையறிந்து நீட்டியும் குறுக்கியும் பாடும் திறத்தைத் திரைத்தட்டுத் தருதல் இயலாது. திருவிழா மேடைகளில் விடியுமளவும் நிகழும் இசைநாடகத்திற்கும், நையாண்டி மேளத்திற்கும் இது பொருந்தும்.

எனவே விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் வீட்டுப் பரணில் உள்ள பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக. பழங்கேசட்டு அகப்படின், அதன் முதுகிலுள்ள சிறு தாழ்களை ஒடித்துவிடுக. அதன்மேல் வேறொன்று பதியப்படாது. சாரற்காற்றின் ஈரத்தால் நாடாவிற் பூஞ்சணம் பிடித்திருப்பின், உடனே ஓட்டாது, அறிந்தாரிடம் காட்டுக. நல்ல நிலையிலிருப்பின், தூய்மையான கருவியில் இட்டுக் கணினியில் ஏற்றுக. பாடியவர் யார், ஊர் எது, நாள் எது என வீட்டிலுள்ள முதியோரை வினவி எழுதிவைத்தலும் வேண்டும். குரலைக் கேசட்டுக் காக்கும். பெயரைச் சொல்லவல்லார் அம்முதியோரே.